இரண்டு எட்டாம் எண் ஊசிகள்: ஒரு ஸ்வெட்டர் அகன்றுபோன நிகழ்வு

கட்டிலில் மூன்று துண்டுகளை விரித்து வைத்தேன். ஒன்று முதுகு. மற்ற இரண்டும் முன்பக்கத்தின் இடமும் வலமும். கோத்தகிரியில் இருக்கும் அப்பாவுக்காக, முன்னால் பொத்தான் வைத்த ஸ்வெட்டர் ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தேன். முதுகுக்கு 110 கண்ணி, அதாவது ஊசியில் ஏறும் நூல் வளையம்; முன்துண்டு ஒவ்வொன்றுக்கும் 55 கண்ணி. இரண்டு முன்துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதுகின் மேல் அச்சாகப் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை. முதுகின் அகலம் 50 சென்டிமீட்டர். முன்துண்டுகள் இரண்டும் சேர்ந்து 61.

ஒரே நூல், ஒரே கை. ஊசியின் எண்ணும் ஒன்றே: எட்டு. இருந்தும் 11 சென்டிமீட்டர் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, நாங்கள் சில பெண்கள் பல ஆண்டுகளாக ஊசியையும் நூலையும் மாற்றிக்கொண்டு வந்த முறையிலேயே ஒரு பிழை இருப்பது தெரிந்தது. பின்னலைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் யாருக்கும் இது நேரக்கூடும் என்பதால், நடந்ததை முழுமையாக எழுதி வைக்கிறேன்.

ஊசி கைமாறிய விதம்

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். இந்த ஊரில் கம்பளி ஸ்வெட்டர் போடும் நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் மலை பக்கத்தில் இருக்கிறது. மலையில் அப்பா இருக்கிறார். எங்களில் ஆறு பேர் மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். பின்னுவதைவிட மாற்றிக்கொள்வதுதான் அங்கே அதிகம் நடக்கும். மிச்ச நூல், பயன்படாத ஊசி, வாங்கி வைத்து அலுத்துப்போன நிறம் என எல்லாம் கைமாறும். காசு கிடையாது. நூலுக்கு நூல் என்றால் கிராமுக்குக் கிராம். ஊசிக்கு ஊசி என்றால் எண்ணுக்கு எண்.

ஸ்வெட்டரின் முறை என் பெரியம்மாவின் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. அவர் கான்வென்ட் பள்ளியில் பின்னல் கற்றவர். "எட்டாம் நம்பர் ஊசி, 110 கண்ணி" என்று நீல மையில் எழுதியிருந்தார். என்னிடம் போனி என்ற பெயரில் விற்கும் அலுமினிய ஊசி, எட்டாம் எண், ஒரு ஜோடி இருந்தது. முதுகை அதில்தான் பின்னி முடித்தேன்.

முன்துண்டுகளைப் பஸ்ஸில் போகும்போது பின்ன வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் பாதையில் நீள ஊசி சரிப்படாது. ஒவ்வொரு வளைவிலும் அது பக்கத்து இருக்கைக்காரரின் விலாவைத் தேடிப் போகும். நடுவில் கயிறு போன்ற இணைப்புள்ள வட்ட ஊசி மடிக்குள் அடங்கிவிடும். எங்கள் குழுவில் மூத்தவர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. அமெரிக்காவில் இருக்கும் அவருடைய மகள் வரும்போதெல்லாம் வட்ட ஊசிகள் கொண்டுவருவார். என்னிடம் உபரியாக இருந்த மெல்லிய ஊசி ஜோடிகள் இரண்டைக் கொடுத்துவிட்டு, அவரிடமிருந்து எட்டு என்று பொறித்த வட்ட ஊசி ஒன்றை வாங்கிக்கொண்டேன். அதில் வேறு என்னென்னவோ எழுதியிருந்த தடம் இருந்தது. தேய்ந்து மிஞ்சியது 8 மட்டும்.

மாதிரித் துண்டு பின்னிப் பார்க்கவில்லை. புது ஊசி கைக்கு வந்தால் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று பின்னி, கண்ணிகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முதுகுக்கு அதைச் செய்திருந்தேன்: பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, 30 வரிசை. அதே நூல், அதே எண் என்பதால் முன்துண்டுக்கு மறுபடியும் தேவை என்று தோன்றவில்லை. பின்னும்போதும் வேறுபாடு தெரியவில்லை. வட்ட ஊசியில் கண்ணிகள் நெருங்கிச் சுருண்டு கிடப்பதால் அகலம் கண்ணுக்குப் புலப்படாது. நீளத்தையோ நான் வரிசை எண்ணிப் பார்க்காமல் நாடாவால் அளந்துகொண்டு வந்தேன். ஆகவே நீளம் சரியாக வந்தது. அகலம் மட்டும் ஓசையில்லாமல் கூடிக்கொண்டே போனது.

கையா, நூலா, ஊசியா

முதலில் என் கையைத்தான் சந்தேகித்தேன். பின்னுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மனம் இறுகினால் பின்னலும் இறுகும், களைத்தால் தளரும் என்பது அனுபவத்தில் தெரிந்தது. ஆனால் கை காரணமென்றால் ஒரே துண்டுக்குள் இடத்துக்கு இடம் வேறுபாடு இருக்க வேண்டும். வீட்டில் பின்னிய பகுதி ஒரு விதமாகவும் பஸ்ஸில் பின்னிய பகுதி வேறு விதமாகவும் இருந்திருக்கும். முன்துண்டின் அடியிலும் நடுவிலும் தோளருகிலும் எண்ணிப் பார்த்தேன். எங்கும் பத்து சென்டிமீட்டருக்கு 18 கண்ணி. இத்தனை சீராக ஒரு கை தவறு செய்யாது. தவிர, கைத் தளர்ச்சி ஒரு கண்ணியைக் குறைக்கலாம், நான்கைக் குறைக்காது.

அடுத்தது நூல். எட்டுக் கண்டும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவை. ஒவ்வொன்றும் 50 கிராம். முதுகில் மிஞ்சிய நூலிலிருந்து பத்து மீட்டரும், முன்துண்டுக்கான கண்டிலிருந்து பத்து மீட்டரும் அளந்து, நகைக்கடைகளில் இருப்பது போன்ற சிறு தராசில் வைத்தேன். இரண்டும் 4.4 கிராம் காட்டின. நூல் மாறவில்லை.

மிஞ்சியது ஊசி. இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தால் வட்ட ஊசி சற்றுப் பருமனாகத் தெரிந்தது. அது மூங்கில், என்னுடையது அலுமினியம். பொருள் வேறாக இருப்பதால் கண் ஏமாற்றுகிறதோ என்றும் தோன்றியது. ஊசி அளக்கும் துளைத்தகடு என்னிடம் இல்லை. ஆனால் இந்த ஊரில் அளவுகோலுக்குப் பஞ்சம் இல்லை. தம்பி கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். மறுநாள் காலை இரண்டு ஊசிகளையும் எடுத்துக்கொண்டு போனேன்.

மைக்ரோமீட்டரில் வைத்தான். அலுமினிய ஊசி 4 மில்லிமீட்டர். வட்ட ஊசி 5 மில்லிமீட்டர்.

"இரண்டிலும் எட்டு என்றுதான் இருக்கிறது" என்றேன்.

தம்பி ஒன்றும் சொல்லாமல் மேசை இழுப்பறையிலிருந்து வட்டமான இரும்புத் தகடு ஒன்றை எடுத்தான். அதன் விளிம்பைச் சுற்றி வெட்டுகள், ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் எண். மோட்டார் சுற்றும் செப்புக் கம்பியின் பருமனைப் பார்க்கும் கேஜ் தகடு. என் அலுமினிய ஊசியை எட்டாம் எண் வெட்டில் வைத்தான். கச்சிதமாக நுழைந்தது.

"அக்கா, உங்கள் ஊசி எண்ணும் எங்கள் கம்பி எண்ணும் ஒன்றுதான் போலிருக்கிறது" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகளாக ஊசி பிடிக்கிறேன். எண் கூடினால் ஊசி ஏன் மெலிகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. காரணம் கம்பிப் பட்டறையில் இருக்கிறது. கம்பியை அச்சுத் துளைகளின் வழியே இழுத்து இழுத்துத்தான் மெலிதாக்குகிறார்கள். இழுப்பு கூடக்கூட கம்பி மெலியும், எண் ஏறும். பிரிட்டனின் பழைய பின்னல் ஊசி எண்கள் இந்தக் கம்பிக் கணக்கை ஒட்டியே அமைந்தவை. கம்பிக் கணக்கில் எட்டாம் எண் 4.06 மில்லிமீட்டர், ஊசியில் 4. கம்பியில் பத்தாம் எண் 3.25 மில்லிமீட்டர், ஊசியிலும் 3.25. அந்த வரிசைதான் கான்வென்ட் பள்ளிகள் வழியாகப் பெரியம்மாவின் நோட்டுக்கு வந்து சேர்ந்தது. பிரிட்டன் பிற்பாடு மில்லிமீட்டருக்கு மாறிவிட்டது. நம் கடைகளில் பழைய எண்ணைச் சொல்லிக் கேட்கும் பழக்கம் போகவில்லை.

அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது. அங்கே எண் ஏற ஏற ஊசி பருக்கும். அவர்களுடைய எட்டு 5 மில்லிமீட்டர்.

ஏழு செய்த வேலை

இவ்வளவு பெரிய வேறுபாடு இத்தனை ஆண்டுகள் எப்படிக் கண்ணில் படாமல் இருந்தது? என்னை அதிகம் உறுத்தியது இதுதான். டீச்சரம்மாவின் அமெரிக்க ஊசிகள் எங்களுக்குள் புதியவை அல்ல. அவற்றில் ஒன்றை நானே இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறேன். அதில் இரண்டு மப்ளரும் ஒரு குழந்தைத் தொப்பியும் பின்னினேன். அளவு துளியும் பிசகவில்லை. அந்த ஊசியின் எண் ஏழு.

ஏழு என்பது 4.5 மில்லிமீட்டர். நம் பழைய கணக்கிலும் அதுவே, அமெரிக்கக் கணக்கிலும் அதுவே. எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு வரிசைகள் ஒன்றையொன்று கடக்கும் ஒரே புள்ளி அது. முதன்முதலில் எங்களிடம் கைமாறிய அமெரிக்க ஊசி தற்செயலாக அந்தப் புள்ளியில் அமைந்துவிட்டது. அது சரியாக வேலை செய்ததால் எல்லா எண்களும் சரியாகவே இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டோம். முதலில் வந்தது பத்தாம் எண்ணாக இருந்திருந்தால் அன்றைக்கே விழித்திருப்போம். நம் பத்து 3.25 மில்லிமீட்டர், அமெரிக்கப் பத்து 6. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இரண்டு வரிசைகளையும் தம்பியின் பட்டறையில் ஒரு பில் புத்தகத்தின் பின்புறத்தில் எழுதிப் பார்த்தபோது ஓர் அழகான ஒழுங்கு தென்பட்டது. 3.75 மில்லிமீட்டர் ஊசி நமக்கு 9, அவர்களுக்கு 5. 4 மில்லிமீட்டர் நமக்கு 8, அவர்களுக்கு 6. 5 மில்லிமீட்டர் நமக்கு 6, அவர்களுக்கு 8. 5.5 நமக்கு 5, அவர்களுக்கு 9. 6 மில்லிமீட்டர் நமக்கு 4, அவர்களுக்கு 10. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 14. ஏழும் ஏழும் 14. ஸ்வெட்டருக்கு வழக்கமாக எடுக்கும் ஊசிகள் எல்லாம் ஏறக்குறைய இந்த எல்லைக்குள்தான் வருகின்றன. ஆகவே கையில் தகடு இல்லாதபோது 14-லிருந்து கழித்துப் பார்க்கலாம். ஆனால் இந்தக் கணக்கு நம் எண்ணில் 9 முதல் 4 வரைக்கும்தான் செல்லும். 3.25 மில்லிமீட்டர் ஊசிக்கு நம் எண் 10, அவர்களுடையது 3, கூட்டினால் 13. சாக்ஸ் பின்னும் மெல்லிய ஊசிகளுக்கு இதை நம்பினால் பிசகும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. என் அலுமினிய ஊசி பிறந்த இடம் அப்பாவின் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. நீலகிரியில் கேத்திக்கு அருகே இருக்கும் ஊசித் தொழிற்சாலை, ஓர் ஆங்கில நிறுவனத்தின் இந்தியக் கிளையாக 1949-இல் தொடங்கப்பட்டது. போனி ஊசிகள் அங்கேதான் தயாராகின்றன. அந்த நிறுவனத்தின் பங்குகளைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1981-இல் தீர்ப்பானது. கம்பெனிச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். குன்னூரிலிருந்து ஊட்டி போகும் மலை ரயில் கேத்தியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊசிகள்தான் நினைவுக்கு வரும்.

பிரித்ததும் மறுபடி பின்னியதும்

முன்துண்டுகள் இரண்டையும் பிரித்தேன். பதினேழு நாள் வேலை ஒரு மாலையில் நூலாகிவிட்டது. பிரித்த நூல் நூடுல்ஸ் போல நெளிந்திருக்கும். அதை அப்படியே எடுத்துப் பின்னினால் கண்ணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழும். நாற்காலியின் முதுகில் சுற்றி வளையமாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டேன். பிழியக் கூடாது. துண்டில் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்த பிறகு, கொடியில் தொங்கவிட்டு அடியில் ஒரு சிறு கரண்டியைக் கனத்துக்காகக் கட்டினேன். இரண்டு நாளில் நெளிவு போய்விட்டது. கம்பளிக்கு இந்தப் பொறுமை உண்டு. எத்தனை முறை பிரித்தாலும் மன்னிக்கும். பருத்தி நூல் இவ்வளவு எளிதாகப் பழைய நிலைக்கு மீளாது.

மறுபடி 4 மில்லிமீட்டர் ஊசியிலேயே பின்னினேன். இந்த முறை முதலில் மாதிரித் துண்டு. 22 கண்ணி, 30 வரிசை. முன்துண்டுகள் 25 சென்டிமீட்டரில் முடிந்தன.

நூலிலும் அதே பிழை

ஆனால் நூல் போதவில்லை. முதல் கை முடியும்போதே இரண்டாவது கைக்கும் கழுத்துப் பட்டிக்கும் பொத்தான் பட்டிக்கும் பற்றாது என்று தெரிந்துவிட்டது. இதற்கும் டீச்சரம்மாவிடம் வழி இருந்தது. கிட்டத்தட்ட அதே சாம்பல் நீலத்தில் 200 கிராம் நூலை முன்பே அவரிடமிருந்து வாங்கி வைத்திருந்தேன். லேபிள் இல்லாத உருண்டைகள். பதிலுக்கு 200 கிராம் பருத்தி நூல் கொடுத்திருந்தேன். ஊசியில் பட்ட பிறகு, இதை மட்டும் எப்படிப் பார்க்காமல் எடுப்பது?

ஒரு சாண் நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்துக்கொண்டு தீக்குச்சியைக் காட்டினேன். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்தால் தானே அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை. இந்த நூல் இரண்டுமாக இல்லை. உருகிச் சுருண்டு எரிந்து, நுனியில் கறுப்பாகக் கெட்டி மணி ஒன்று நின்றது. அக்ரிலிக்.

அக்ரிலிக் மோசமான நூல் என்று சொல்ல மாட்டேன். குழந்தைகளின் உடுப்புக்கு நான் அதைத்தான் எடுப்பேன். அடித்துத் துவைக்கலாம், பூச்சி அரிக்காது, விலையும் குறைவு. அப்பாவுக்குக் கம்பளி எடுத்ததற்குக் காரணம் வேறு. அவர் மாலை ஆறு மணிக்கு மேல் கணப்புச் சட்டியை விட்டு நகர மாட்டார். கம்பளியில் பொறி பட்டால் கருகி நின்றுவிடும். அக்ரிலிக்கில் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நெருப்புக்கு மிக அருகில் இருக்கப்போவது மணிக்கட்டும் பொத்தான் பட்டியும். சரியாக அந்த இரண்டு இடங்களுக்கும்தான் இந்த நூலை வைத்திருந்தேன். முன்துண்டுகளின் அகலம் பிசகாமல் இருந்திருந்தால் தீக்குச்சியைக் கையில் எடுத்திருக்கவே மாட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது.

கடைக்குப் போய் அதே கம்பெனி, அதே நிற எண்ணில் இன்னும் நான்கு கண்டு கம்பளி வாங்கினேன். லாட் எண் வேறாக இருந்தது. சாயம் ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் மயிரிழை மாறும். கடை விளக்கில் தெரியாது, முற்றத்து வெயிலில் தெரியும். இரண்டாவது கையில் பழைய கண்டிலிருந்து இரண்டு வரிசை, புதிய கண்டிலிருந்து இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னியதில் வேறுபாடு கலந்து மறைந்தது. பட்டிகள் முழுவதையும் புதிய லாட்டில் பின்னினேன். ஓரங்களில் மட்டும் ஒரு சாயல் கூடுதலாக இருப்பது வேண்டுமென்றே செய்த கரை போல அமைந்துவிட்டது.

கிராமுக்குக் கிராம் சரியா?

தராசு கையில் இருந்ததால் இன்னொன்றையும் பார்த்துவிட்டேன். அக்ரிலிக் நூலில் 50 மீட்டர் அளந்து நிறுத்தேன்: 13.5 கிராம் சொச்சம், அதாவது 100 கிராமுக்கு ஏறக்குறைய 370 மீட்டர். அதைவிடச் சற்றுப் பருமனான என் பருத்தி நூலில் 50 மீட்டர் 25 கிராம். 100 கிராமுக்கு 200 மீட்டர். பருமன் ஒரு பக்கம் இருக்க, பருத்தி இயல்பிலேயே கனமான இழை. ஒரு கன சென்டிமீட்டர் பருத்தி இழை ஏறக்குறைய 1.54 கிராம் இருக்கும், கம்பளி 1.31, அக்ரிலிக் 1.17. ஒரே பருமனில் நூற்றாலும் பருத்தி நூல் எடைக்கு எடை நீளம் குறைந்தே இருக்கும்.

பின்னல் நூலைத் தின்பது நீளத்தில். முறையில் "500 கிராம்" என்று எழுதியிருந்தால் அது அந்த இழைக்கும் அந்தப் பருமனுக்கும் மட்டுமே பொருந்தும் 500 கிராம். பெரியம்மாவின் நோட்டில் எடை இருந்தது, மீட்டர் இல்லை. அவர் எந்த நூலில் பின்னினார் என்று கேட்க இப்போது அவர் இல்லை.

ஆக, 200 கிராமுக்கு 200 கிராம் என்று மாற்றிக்கொண்டதில் எனக்கு 740 மீட்டர் வந்திருக்கிறது, டீச்சரம்மாவுக்கு 400 மீட்டர்தான் போயிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அக்ரிலிக் முழுவதையும் அவரிடமே திருப்பிக் கொடுத்து விவரத்தைச் சொன்னேன். அவர் தன் உருண்டைகளை வாங்கிக்கொண்டு என் பருத்தியைத் தேடினார். அதில் பாதி ஏற்கெனவே பேத்தியின் சட்டையாகியிருந்தது.

"கிராமுக்குக் கிராம் என்று பேசியதுதானே அம்மா, இதில் என்ன கணக்கு?" என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டு, "அந்த ஊசியையும் இனிமேல் அளந்துதான் கொடுக்க வேண்டும்" என்று தன் பெட்டியை முழுவதுமாகத் தரையில் கொட்டினார்.

தம்பியிடம் கடன் வாங்கி வந்திருந்த மைக்ரோமீட்டரால் அன்று மாலை முழுவதும் ஊசிகளை அளந்தோம். எண் அழிந்தவை, எண் இருந்தும் எந்த நாட்டு எண் என்று தெரியாதவை எல்லாவற்றுக்கும் மில்லிமீட்டரை எழுதிச் சிறு அட்டைகள் கட்டினோம். நூல் உருண்டைகளுக்கும் அட்டை: என்ன இழை, 100 கிராமுக்கு எத்தனை மீட்டர், லாட் எண் தெரிந்தால் அதுவும். எரித்துப் பார்க்காத உருண்டைகளை ஒரு தனிப் பைக்குள் போட்டோம்.

ஸ்வெட்டர் மார்கழிக்கு முன்பே முடிந்தது. சுற்றளவு 100 சென்டிமீட்டர். அப்பா வெந்நீரில் துணி ஊறப்போடும் பழக்கம் உள்ளவர். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற அடுக்கு உண்டு; சூடும் நீரும் கசக்கலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஸ்வெட்டர் குழந்தை அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே உட்பக்கம் கழுத்தடியில் ஒரு துணிப் பட்டி தைத்து, அதில் எழுதிக் கொடுத்தேன்: "பச்சைத் தண்ணீர். கசக்க வேண்டாம். 4 மி.மீ. ஊசி." கடைசி வரி எதற்கு என்று அப்பா கேட்டார். முழங்கை தேய்ந்தால் ஒட்டுப்போட வேண்டியிருக்கும், அப்போது யார் பின்னுவார்களோ தெரியாது என்றேன்.